மவுஸை ஒதுக்கி வெச்சுட்டு பவர்பாயிண்ட் யூஸ் பண்ணி பார்த்த ரிவ்யூ

டெய்லி பிபிடி, அதாவது பவர்பாயிண்ட் ஸ்லைடு செய்யறதுதான் எனக்கு வேலை. எனக்கு மட்டும் இல்ல, டீம்ல யாருக்கு வேணும்னாலும் நான்தான் ரெடி பண்ணி குடுப்பேன், அதனால பவர்பாயிண்ட்ல எந்த பட்டன் எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டு சொல்லிடுவேன். ஆனா எல்லாமே மவுஸ்லதான். போன வருஷம் வலது மணிக்கட்டுல வலி வந்துச்சு, ராத்திரி தூக்கத்துலயும் வலிக்கற அளவுக்கு வந்ததுக்கு அப்புறம்தான், சரி இனிமே மவுஸை எவ்வளவு தூரம் ஒதுக்க முடியுமோ ஒதுக்கிட்டு கீபோர்ட்லயே வேலை செஞ்சு பார்ப்போம்னு உட்கார்ந்தேன். மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசத்துல கத்துக்கிட்டதுதான் இந்த ரிவ்யூ. விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ற பவர்பாயிண்ட் பத்திதான் முக்கியமா எழுதறேன், இதே வேலையை செய்யற கூகுள் ஸ்லைட்ஸும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸும் கடைசியில கொஞ்சம் வரும்.

என் மார்க்கை முதல்லயே சொல்லிடறேன். ஸ்லைடு ஷோ ஓடிட்டு இருக்கும்போது வேலை செய்யற ஷார்ட்கட்டுக்கு பத்துக்கு பத்து. ஸ்லைடு தயார் பண்ணும்போது யூஸ் ஆகற ஷார்ட்கட்டுக்கு பத்துக்கு ஏழு, அந்த மூணு மார்க் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன். பொதுவா ஷார்ட்கட்னு சொன்னாலே எல்லாரும் காப்பி, பேஸ்ட், போல்டு இதைத்தான் சொல்லி குடுப்பாங்க. ஆனா நாலு பேர் முன்னாடி நின்னு பேசும்போது கை கொடுக்கறது அதெல்லாம் இல்ல, ஷோ ஓடும்போது இருக்கற கீதான், அதைத்தான் முதல்ல கத்துக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

எஃப்5 எல்லாருக்கும் தெரியும், முதல் ஸ்லைடுல இருந்து ஷோ ஆரம்பிக்கும். ஷிஃப்ட் சேர்த்து எஃப்5 அடிச்சா இப்ப நாம எந்த ஸ்லைடுல இருக்கமோ அதுல இருந்தே ஆரம்பிக்கும், இது ஏன் முக்கியம்னு எனக்கு ஒரு மீட்டிங்ல புரிஞ்சது. 37வது ஸ்லைடுல ஒரு நம்பர் தப்பா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, எஸ்கேப் அடிச்சு வெளிய வந்து அங்கயே திருத்திட்டேன், திருத்தின கையோட பழக்க தோஷத்துல எஃப்5. முதல் ஸ்லைடு வந்து நின்னுச்சு. 36 ஸ்லைடு, அதுல பாதிக்கு மேல அனிமேஷன் வேற, ஒவ்வொண்ணா அம்பு கீ தட்டி தட்டி திரும்ப போய் சேர்றதுக்குள்ள பேச்சோட வேகமே போயிடுச்சு, கேட்டவரு மொபைல் எடுத்துட்டாரு. ஷிஃப்ட் எஃப்5 தெரிஞ்சிருந்தா அது ஒரு செகண்ட் வேலை. அதுவும் வேண்டாம், 37னு நம்பர் டைப் பண்ணி என்டர் தட்டினா போதும், நேரா அங்க போயிடும். ஷோ ஓடும்போது எந்த ஸ்லைடு நம்பரையும் அடிச்சு என்டர் தட்டலாம், ஸ்க்ரீன்ல எதுவும் தெரியாது, யாருக்கும் நாம என்ன பண்றோம்னே புரியாது, கேள்வி கேட்டவர் முன்னாடி பதில் இருக்கற ஸ்லைடு டக்குன்னு வந்து நிக்கும்.

இதோட சேர்த்து ஹைடு பண்ணின ஸ்லைடையும் சொல்லணும். ஸ்லைடு மேல ரைட் கிளிக் பண்ணி ஹைடு பண்ணிட்டா ஷோ ஓடும்போது அது வராம தாண்டி போயிடும், ஆனா அதோட நம்பரை அடிச்சு என்டர் தட்டினா வரும். கேள்வி வந்தா மட்டும் காட்டவேண்டிய டேபிள், பழைய கணக்கு, கூடுதல் விவரம் எல்லாத்தையும் கடைசியில போட்டு ஹைடு பண்ணிடுவேன், எந்த நம்பர்ல எது இருக்குன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி லாப்டாப் பக்கத்துல வெச்சுப்பேன். இந்த ஒரு பழக்கம் வந்ததுக்கு அப்புறம் எங்க டீம்ல பேசறவங்க யாரும் கேள்வி நேரத்துக்கு பயப்படறது இல்ல.

அடுத்தது பி. பிளாக்கோட பி. ஷோ ஓடும்போது வெறும் பி தட்டினா ஸ்க்ரீன் மொத்தமா கறுப்பாயிடும், திரும்ப பி தட்டினா ஸ்லைடு வந்துடும். டபிள்யூ தட்டினா வெள்ளை. பி-க்கு பதிலா முற்றுப்புள்ளியும் டபிள்யூக்கு பதிலா கமாவும் அடிக்கலாம். இது தெரியாதவங்களுக்கு இது ஒரு பெரிய பயம்கூட. ஒரு தடவை பேசிட்டு இருந்தவரோட கை பட்டு திரை கறுப்பாயிடுச்சு, ஒருத்தர் ப்ரொஜெக்டர் கேபிளை கழட்டி மாட்டறாரு, இன்னொருத்தர் ஸ்விட்ச் போர்டு பக்கம் போயிட்டாரு, லாப்டாப் ஹேங் ஆயிடுச்சுன்னு பவர் பட்டனை அமுக்க போன கையை நான் பிடிச்சு நிறுத்திட்டு பி தட்டினேன், வந்துடுச்சு. திரை திடீர்னு கறுப்பாச்சுன்னா கேபிளை தொடறதுக்கு முன்னாடி பி தட்டி பாருங்க.

ஆனா இதோட நிஜமான பயன் வேற. ஒரு விஷயத்தை ஆழமா பேசணும்னு வரும்போது பின்னாடி ஸ்லைடு இருந்தா எல்லாரும் அதைத்தான் படிச்சிட்டு இருப்பாங்க, நாம பேசறது பாதிதான் போய் சேரும். அந்த நேரத்துல பி தட்டுங்க. ரூம்ல இருக்கற எல்லா முகமும் நம்ம பக்கம் திரும்பறதை நீங்களே பார்க்கலாம். டிஸ்கஷன் முடிஞ்சதும் பி, ஸ்லைடு அதே இடத்துல காத்துட்டு இருக்கும். நூறு அனிமேஷன் போட்டாலும் வராத கவனம் இந்த ஒரு எழுத்துல வருது, இதை நான் மனசார சொல்றேன். ஒரு விஷயம், தமிழ்ல டைப் பண்றதுக்காக கீபோர்டை தமிழுக்கு மாத்தி வெச்சிருந்தீங்கன்னா ஷோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் தட்டி இங்கிலீஷுக்கு மாத்திக்கோங்க, எழுத்து ஷார்ட்கட் எல்லாம் இருக்கே.

கையில பிடிச்சு ஸ்லைடு மாத்தற கிளிக்கரும் உள்ளுக்குள்ள ஒரு குட்டி கீபோர்ட்தான். முன்னாடி போற பட்டன் பேஜ் டவுன், பின்னாடி போற பட்டன் பேஜ் அப், திரையை கறுப்பாக்கற பட்டன் இருந்தா அது இந்த பி இல்லன்னா முற்றுப்புள்ளிதான் அனுப்புது. அதனால கிளிக்கர் பேட்டரி போனாலும் பதற வேண்டாம், அது செய்யற எல்லாத்தையும் கீபோர்டும் செய்யும்.

ஸ்லைடு மேல வரையறதுக்கும் கீ இருக்கு. கன்ட்ரோல் பி, இங்க பென்னோட பி, தட்டினா மவுஸ் பேனாவாயிடும். கன்ட்ரோல் ஐ ஹைலைட்டர், கன்ட்ரோல் இ அழிக்கற ரப்பர், வெறும் இ தட்டினா அந்த ஸ்லைடுல வரைஞ்சது மொத்தமும் போயிடும், கன்ட்ரோல் ஏ தட்டினா பழையபடி அம்புக்குறி. கன்ட்ரோல் எல் லேசர், சிவப்பு புள்ளி ஒண்ணு ஓடும். கன்ட்ரோலை பிடிச்சுக்கிட்டு மவுஸோட இடது பட்டனை அமுக்கினாலும் அதே லேசர்தான். வீடியோ கால்ல பேசறவங்களுக்கு இது ரொம்ப உதவி, ஏன்னா கையில இருக்கற நிஜ லேசர் லைட்டை நாம சுவத்துல அடிச்சா கால்ல இருக்கறவங்களுக்கு எங்க தெரிய போகுது, இந்த லேசர் ஸ்க்ரீன்லயே இருக்கறதால எல்லாருக்கும் தெரியும். பேனா ஆன்ல இருக்கும்போது மவுஸ் கிளிக் பண்ணினா ஸ்லைடு நகராது, கோடுதான் விழும், அம்பு கீயை தட்டித்தான் நகரணும், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. முடிச்சு வெளிய வரும்போது வரைஞ்சதை வெச்சுக்கவா தூக்கவான்னு கேக்கும். வெச்சுக்கோன்னு சொன்னா அந்த கிறுக்கல் ஸ்லைடுலயே தங்கிடும், மீட்டிங்ல பேசினதுக்கு அதுவே குறிப்பு.

இங்க ஒரு குறை சொல்லியே ஆகணும். ஸ்லைடு தயார் பண்ணும்போது கன்ட்ரோல் பி-ன்னா ப்ரின்ட், ஷோவுல பேனா. கன்ட்ரோல் ஏ அங்க எல்லாத்தையும் செலக்ட் பண்ணும், இங்க அம்புக்குறி. கன்ட்ரோல் எல் அங்க எழுத்தை இடது பக்கம் ஒதுக்கும், இங்க லேசர். கன்ட்ரோல் எஸ் அங்க சேவ், இங்க எல்லா ஸ்லைடோட பேரையும் லிஸ்டா காட்டும். ஒரே கீ ரெண்டு இடத்துல ரெண்டு வேலை செய்யறது புதுசா கத்துக்கறவங்களை நிச்சயம் குழப்பும். நான் கண்டுபிடிச்ச வழி, ரெண்டையும் ஒரே நாள்ல கத்துக்கறது இல்ல. ஷோ ஷார்ட்கட்டை ஷோ ஓட விட்டு நின்னுக்கிட்டேதான் பழகினேன், எடிட் ஷார்ட்கட்டை உட்கார்ந்து. கைக்கு அந்த வித்தியாசம் தானா புரிஞ்சிடுது. மறந்து போச்சுன்னா ஷோ ஓடும்போதே எஃப்1 தட்டுங்க, எல்லா ஷார்ட்கட்டும் ஒரு பெட்டியில வரும், ஆனா அது எல்லாருக்கும் தெரியும்ங்கறதால தனியா பழகும்போது மட்டும்.

இன்னும் கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்லிடறேன். ஹோம் முதல் ஸ்லைடு, எண்ட் கடைசி ஸ்லைடு. ஜி தட்டினா எல்லா ஸ்லைடும் குட்டி குட்டியா தெரியும். கன்ட்ரோல் ஹெச் மவுஸ் அம்பை மறைக்கும், திரை நடுவுல அம்பு தேவையில்லாம நிக்கறது எனக்கு பிடிக்காது அதனால ஆரம்பிச்ச உடனே இதை தட்டிடுவேன். ஆல்ட் எஃப்5 ப்ரெசன்டர் வியூ, அதாவது நம்ம குறிப்பு, அடுத்த ஸ்லைடு, ஓடற நேரம் எல்லாம் நமக்கு மட்டும் தெரியற மாதிரி வரும், ரெண்டாவது ஸ்க்ரீன் இல்லாமலே ஒரே லாப்டாப்ல இதை திறந்து ஒத்திகை பார்க்கலாம். ப்ரொஜெக்டர் மாட்டினதும் விண்டோஸ் கீயோட பி, இது ப்ரொஜெக்டுக்கான பி, தட்டி எக்ஸ்டெண்ட் போட்டா நமக்கு ஒரு திரை அவங்களுக்கு ஒரு திரை.

எஃப் கீ பத்தி ஒரு எச்சரிக்கை. நிறைய லாப்டாப்ல எஃப்5 தட்டினா ஷோ வராது, வெளிச்சமோ சத்தமோதான் கூடும் குறையும். அப்ப எஃப்என் கீயை சேர்த்து பிடிச்சு எஃப்5 தட்டணும். பல லாப்டாப்ல எஃப்என்னோட எஸ்கேப் தட்டினா எஃப் வரிசை முழுக்க நிஜ எஃப் கீயா மாறிடும், அந்த எஸ்கேப் கீ மேல ஒரு குட்டி பூட்டு படம் இருக்கான்னு பாருங்க. வேற ஒருத்தர் லாப்டாப்ல பேச போறீங்கன்னா இதை முதல்ல செக் பண்ணிக்கோங்க.

சரி, இப்ப ஸ்லைடு தயார் பண்ற பக்கம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கன்ட்ரோல் டி, டூப்ளிகேட்டோட டி. காப்பி பண்ணி பேஸ்ட் பண்றதுக்கு பதிலா ஒரே தட்டுல நகல் வரும்னு மட்டும்தான் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். அது மட்டும் இல்ல, அதுக்கு ஞாபக சக்தி இருக்கு. அஞ்சு கட்டம் வரிசையா, நடுவுல ஒரே அளவு இடைவெளியோட வேணும்னு வெச்சுக்கோங்க, எந்த ப்ராசஸ் சார்ட்டுக்கும் இதுதானே தேவை. முதல் கட்டத்தை வரைஞ்சு, கலர், எழுத்து எல்லாம் சரி பண்ணிட்டு கன்ட்ரோல் டி. நகல் கொஞ்சம் கீழ தள்ளி சாய்வா வந்து விழும். அதை அம்பு கீயால மேல தூக்கி முதல் கட்டத்துக்கு நேரா, எவ்வளவு இடைவெளி வேணுமோ அவ்வளவு தள்ளி வைங்க. வேற எங்கயும் கிளிக் பண்ணாதீங்க. இப்ப திரும்ப கன்ட்ரோல் டி. மூணாவது கட்டம் அதே இடைவெளியில, அதே நேர்கோட்டுல போய் தானா உட்காரும். இன்னொரு டி, நாலாவது. இன்னொரு டி, அஞ்சாவது. நகர்த்தவே வேண்டாம். நான் முதல் தடவை இதை பார்த்தப்ப அஞ்சு கட்டத்தையும் அழிச்சிட்டு திரும்ப ஒரு தடவை செஞ்சு பார்த்தேன், நம்பவே முடியல. முன்னாடி இதே வேலைக்கு ஒவ்வொரு கட்டமா இழுத்து, ஜூம் பண்ணி, நேரா இருக்கான்னு கண்ணால பார்த்துட்டு இருப்பேன். ஒரு வரிசை முடிச்சு அஞ்சையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஜி தட்டி குரூப் பண்ணி அதையும் கன்ட்ரோல் டி போட்டா அடுத்த வரிசை, அதை கீழ நகர்த்திட்டு திரும்ப டி போட்டா மூணாவது வரிசை. 15 கட்டம், ஒரு நிமிஷத்துல. இடது பக்கம் ஸ்லைடு வரிசையில நின்னு கன்ட்ரோல் டி தட்டினா முழு ஸ்லைடே நகலாகும், அதையும் சொல்லிடறேன்.

நகர்த்தறதுல இன்னும் கொஞ்சம். வெறும் அம்பு கீ தட்டினா கட்டம் ஒரு ஒரு படியா நகரும், கன்ட்ரோலை பிடிச்சு தட்டினா ரொம்ப சின்ன சின்னதா நகரும், கடைசி நூல் அளவு சரி பண்றதுக்கு அதுதான். ஷிஃப்ட் பிடிச்சு அம்பு தட்டினா நகராது, கட்டமே பெரிசு சின்னதாகும். ஆல்ட் பிடிச்சு இடது வலது தட்டினா 15 டிகிரி திரும்பும். மவுஸ் பிடிச்சாலும் இந்த கீங்க உதவி பண்ணும், கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து பிடிச்சு ஒரு கட்டத்தை இழுத்தா அது நேர்கோட்டுலயே நகலாகி வரும், வளையாது. வட்டம் வட்டமா வரணும், சதுரம் சதுரமா வரணும்னா வரையும்போது ஷிஃப்டை பிடிச்சுக்கணும், இது பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும்.

எழுத்து பக்கம் வந்தா, மவுஸே தொடாம ஒரு முழு பிபிடியோட எலும்புக்கூட்டை அடிச்சு முடிக்கலாம். கன்ட்ரோல் எம் புது ஸ்லைடு. தலைப்பை டைப் பண்ணிட்டு கன்ட்ரோல் என்டர் தட்டினா கீழ புல்லட் பெட்டிக்கு போகும், அங்க பாயிண்ட் எல்லாம் அடிச்சு முடிச்சு திரும்ப கன்ட்ரோல் என்டர் தட்டினா அடுத்த ஸ்லைடே வந்துடும். தலைப்பு, கன்ட்ரோல் என்டர், பாயிண்ட், கன்ட்ரோல் என்டர், தலைப்பு, இப்படியே போய்ட்டே இருக்கலாம். டேப் தட்டினா புல்லட் ஒரு படி உள்ள போகும், ஷிஃப்ட் டேப் வெளிய வரும். புல்லட் புதுசா வராம அடுத்த வரிக்கு மட்டும் போகணும்னா ஷிஃப்ட் என்டர். ஒரு பாயிண்ட்டை மேலயோ கீழயோ மாத்தணும்னா வெட்டி ஒட்ட வேண்டாம், கர்சரை அந்த வரியில வெச்சு ஆல்ட் ஷிஃப்ட் பிடிச்சு மேல் அம்பு கீழ் அம்பு தட்டினா அந்த வரியே நகர்ந்து போகும். இந்த முறையில அடிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நான் கவனிச்சது, டிசைன் எண்ணமே வராம விஷயத்தை மட்டும் யோசிக்க முடியுது, எல்லாம் எழுதி முடிச்சதுக்கு அப்புறம்தான் அழகு பண்றேன், பிபிடி இப்ப முன்னாடியைவிட நல்லா வருதுன்னு கேக்கறவங்களே சொல்றாங்க.

பெட்டிக்குள்ள டைப் பண்ணிட்டு இருக்கும்போது எஸ்கேப் தட்டினா எழுத்தை விட்டு பெட்டி செலக்ட் ஆகும், அங்க இருந்து டேப் தட்டினா அடுத்த பெட்டி, அடுத்த பெட்டின்னு போகும். எஃப்2 தட்டினா பெட்டிக்கும் எழுத்துக்கும் மாறி மாறி போகலாம். இது மூணும் இல்லன்னா மவுஸ் இல்லாம ஒண்ணும் நடக்காது, அதனால சின்ன விஷயமா தெரிஞ்சாலும் இதை விட்டுடாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணா பத்து படம் குவிஞ்சு கிடக்கற ஸ்லைடுன்னா ஆல்ட் எஃப்10, எல்லாத்தோட பேரும் பக்கத்துல லிஸ்டா வரும், கண்ணு பட்டனை அமுக்கி மேல இருக்கறதை மறைச்சுட்டு அடியில இருக்கறதை சரி பண்ணலாம். அனிமேஷன் நிறைய இருக்கற ஸ்லைடு கைக்கு வந்தா நான் முதல்ல தட்டறது இதுதான்.

எஃப்4 கடைசியா என்ன செஞ்சமோ அதையே திரும்ப செய்யும், ஒரு கட்டத்துக்கு கலர் மாத்திட்டு அடுத்த கட்டத்தை செலக்ட் பண்ணி எஃப்4 தட்டினா அதே கலர். எழுத்தை பெருசாக்க கன்ட்ரோல் ஷிஃப்ட்டோட வலது கோண அடைப்பு, சின்னதாக்க இடது கோண அடைப்பு. ஷிஃப்ட் எஃப்3 இங்கிலீஷ் எழுத்தை பெரிய எழுத்து சின்ன எழுத்தா மாத்தும். கண்ட இடத்துல இருந்து பேஸ்ட் பண்ணின எழுத்துல ஃபார்மேட் எல்லாம் அலங்கோலமா இருந்தா செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஸ்பேஸ், சுத்தமாயிடும்.

இப்ப அந்த மூணு மார்க். ஸ்லைடு செய்யறவங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை அலைன் பண்ணுவாங்க, நூறு தடவை இருக்குமா, அதுக்கு நேரடியா ஒரு ஷார்ட்கட் கிடையாது. கட்டங்களை இடது ஓரமா ஒழுங்கு பண்ணணும்னா ஆல்ட், ஹெச், ஜி, ஏ, எல்னு அஞ்சு கீயை ஒண்ணு பின்னாடி ஒண்ணா தட்டணும். பிடிச்சுக்க வேண்டியது இல்ல, தட்டி தட்டி விடணும், ஆல்ட் தட்டின உடனே மேல ரிப்பன்ல ஒவ்வொரு பட்டன் மேலயும் ஒரு எழுத்து வரும், அதை பார்த்து அடுத்தது. கடைசி எழுத்து மட்டும் மாறும், ஆர் வலது, சி இடது வலதுக்கு நடு, மேல டாப்போட டி, கீழ பாட்டமோட பி, எம் மேல கீழுக்கு நடு, ஹெச் போட்டா இடைவெளி சமமா பிரியும் பக்கவாட்டுல, வி போட்டா மேல கீழ. பழகிடுச்சுன்னா விரல் தானா ஓடும், நானும் இப்ப ஓட்டறேன், ஆனா அஞ்சு தட்டு அதிகம்தான். இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர், மேக்குக்கு 1987-ல வந்தது, விண்டோஸுக்கு 1990-ல வந்தது, இத்தனை வருஷத்துல அலைனுக்கு ரெண்டு கீ ஒதுக்க முடியலன்னா வருத்தமா இருக்கு. அதைவிட வருத்தம், நாமளா ஒரு ஷார்ட்கட் வெச்சுக்கலாம்னா அதுக்கும் வழி இல்ல. வேர்டுல கீயை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்க ஒரு இடம் இருக்கு, பவர்பாயிண்ட்ல அது இல்ல.

இதுக்கு இருக்கற ஒரே நல்ல மாற்று வழி குவிக் ஆக்சஸ் டூல்பார், அதாவது நமக்கு வேணுங்கற பட்டனை நாமளே சேர்த்து வெச்சுக்கற குட்டி வரிசை. அலைன் மெனுவை திறந்து அலைன் லெஃப்ட் மேல ரைட் கிளிக் பண்ணினா குவிக் ஆக்சஸ் டூல்பார்ல சேர்க்கவான்னு வரும், சேர்த்துடுங்க. இந்த மாதிரி உங்களுக்கு அடிக்கடி வேணுங்கறதை வரிசையா சேர்த்தா முதல்ல இருக்கறதுக்கு ஆல்ட் 1, ரெண்டாவதுக்கு ஆல்ட் 2ன்னு தானா நம்பர் வந்துடும். என்னோட வரிசை இப்படி: 1 இடது, 2 இடது வலதுக்கு நடு, 3 மேல, 4 மேல கீழுக்கு நடு, 5 பக்கவாட்டு இடைவெளி, 6 மேல கீழ இடைவெளி. அஞ்சு தட்டு ரெண்டு தட்டாச்சு. இதை செட் பண்ண பத்து நிமிஷம் ஆகும், தயவு செஞ்சு அந்த பத்து நிமிஷத்தை செலவு பண்ணுங்க, என் மணிக்கட்டு வலி குறைஞ்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான்.

மத்த ரெண்டையும் பத்தி. கூகுள் ஸ்லைட்ஸ் ப்ரவுசர்ல ஓடறதால எஃப்5 தட்டினா ஷோ வராது, பேஜ்தான் ரீலோட் ஆகும். அங்க கன்ட்ரோல் எஃப்5 இப்ப இருக்கற ஸ்லைடுல இருந்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்5 முதல்ல இருந்து. ஷோவுல வெறும் எல் தட்டினா லேசர், எஸ் தட்டினா பேசறவங்க குறிப்பு, பி-யும் டபிள்யூவும் அதேதான். கன்ட்ரோல் எம், கன்ட்ரோல் டி ரெண்டும் அங்கயும் இருக்கு, குரூப் பண்றதுக்கு மட்டும் கன்ட்ரோல் ஆல்ட் ஜி. அங்க எனக்கு அடிக்கடி தப்பு நடக்கற இடம் ஒண்ணுதான், ஷிஃப்ட் பிடிச்சு அம்பு தட்டினா ஸ்லைட்ஸ்ல ஒரு பிக்சல் நகரும், பவர்பாயிண்ட்ல அளவு மாறும். காலையில ஸ்லைட்ஸ்ல வேலை செஞ்சிட்டு மத்தியானம் பவர்பாயிண்ட் வந்தா கட்டம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அகலமாயிருக்கும், கவனமா பார்க்கணும். ஆனா ஒரு விஷயத்துல கூகுளை பாராட்டணும், கன்ட்ரோலோட சாய்கோடு தட்டினா மொத்த ஷார்ட்கட் லிஸ்டும் அங்கயே வரும், தேடவும் செய்யலாம், எடிட் பண்ணும்போதே இப்படி ஒண்ணு கைக்கு எட்டறது பெரிய வசதி.

இம்ப்ரெஸ்ல எஃப்5, ஷிஃப்ட் எஃப்5, கன்ட்ரோல் எம் எல்லாம் பவர்பாயிண்ட் மாதிரியேதான். ஷிஃப்ட் எஃப்3 மட்டும் அங்க டூப்ளிகேட் பெட்டியை திறக்கும், எத்தனை நகல், எவ்வளவு தள்ளி, எத்தனை டிகிரி திருப்பி எல்லாம் நம்பராவே குடுக்கலாம், கடிகார முள்ளு மாதிரி சுத்தி வரைய அது அருமை. அதோட டூல்ஸ் மெனுவுல கஸ்டமைஸ் போனா எந்த கீக்கு எந்த வேலைன்னு நாமளே மாத்திக்கலாம், நான் மேல பவர்பாயிண்ட்ல இல்லன்னு வருத்தப்பட்டது இங்க இலவசமாவே இருக்கு. முழுக்க கீபோர்ட்லயே வேலை செய்யணும்னு இருக்கறவங்க, அதுவும் கை வலி இருக்கறவங்க, இதை ஒரு தடவை கட்டாயம் பாருங்க.

நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்துல எடிட் பண்றதா இருந்தா நான் கூகுளுக்குத்தான் போறேன். ஆனா ப்ரெசன்ட் பண்ற அன்னிக்கு ஃபைலை பவர்பாயிண்ட்லதான் திறப்பேன், அந்த ஷோ கீங்க மேல இருக்கற நம்பிக்கை. ஆளுங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் எஃப்5, கன்ட்ரோல் ஹெச், ஒரு தடவை பி, திரும்ப பி, ஹைடு பண்ணின ஸ்லைடு ஒண்ணோட நம்பர் அடிச்சு என்டர், 1 அடிச்சு என்டர். எல்லாம் வேலை செஞ்சா பி தட்டி திரையை கறுப்பாக்கி அப்படியே விட்டுடுவேன், பேச ஆரம்பிக்கும்போதுதான் திரும்ப தட்டறது.